மணமேடைக்கு மேல் தொண்ணூற்றிரண்டு கிலோ

ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மார்கழியிலும் வைப்பதில்லைதான், ஆனால் மார்கழியில் பரந்தாமன் திருமண மண்டபத்தில் பஜனை நடக்கும். ஆடியில் எதுவும் நடக்காது. பாலாற்றின் வடகரையில் இருக்கிற செம்பேட்டில் அதுதான் பெரிய மண்டபம். அது ஒரு மாதம் முழுக்கச் சும்மா கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்காமல் ஓனர் பரந்தாமன் அதை மாவட்டப் பளுதூக்கும் போட்டிக்கு விட்டுவிடுவார், விட்டுவிட்டு, மணமேடையின் மேல் பலகை அடித்து அவர்கள் இரும்பைப் போடுகிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். இப்படித்தான், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற அதே இடத்தில், ஆண்டுக்கு ஒருமுறை, இடுப்பில் பட்டையான பெல்ட்டும் உள்ளங்கையில் வெள்ளை மாவுமாகச் செம்பேட்டின் பெண்கள் ஏறி நின்றார்கள்.

அந்த வருஷம் ஆடி மூன்றாம் ஞாயிறு, பகல் பதினொன்றரை மணிக்கு, யுவராணி தன் கடைசி முறைக்கு ஏறினாள். இருபத்து நான்கு வயது. ஐம்பத்தொன்பது கிலோப் பிரிவு. பீடி சுற்றும் மல்லிகாவின் ஒரே மகள். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை இருந்தது. வேலைக்கு ஒரு சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ வேண்டும், தொண்ணூற்றிரண்டு கிலோவுக்கு அவளிடம் அந்த ஒரு முறைதான் மீதி இருந்தது. மூன்று மாதமாக இடுப்பு அவளோடு பேசிக்கொண்டிருந்தது. காலையில் செருப்பு மாட்டக் குனிந்தால் ஒரு சொல், இரும்பைத் தரையிலிருந்து பிடுங்கும்போது ஒரு சொல். அவள் பதில் சொல்லவில்லை. பளு தூக்குகிறவர்களுக்கு வலி என்பது பக்கத்து வீட்டு ரேடியோ; அது பாடிக்கொண்டேதான் இருக்கும், இங்கே வேலையும் நடந்துகொண்டேதான் இருக்கும்.

செம்பேட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் நடக்கிற அந்த ஊர்ப் பயிற்சிக்கூடத்தில், தலைக்கு மேல் போன எடையை, கூட இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்த பிறகுதான் இறக்க வேண்டும். முன்னால் இறக்கினால் தூக்கியதாகச் சேர்த்தி இல்லை. போட்டி விதி வேறு: தூக்கியவர் அசையாமல் நின்றதும் நடுவர் கையை இறக்குவார், கை இறங்கியதும் எடையை இறக்கலாம், எடை தோளைத் தாண்டுகிற வரை பிடியை விடக் கூடாது. ஆனால் அன்றைக்கு நடுவராக உட்கார்ந்திருந்த ஞானசிகாமணி, அரசுப் பள்ளி பி.டி. வாத்தியார், அதே கொட்டகையில் தூக்கி வளர்ந்தவர். அவர் கை விதியைக் கேட்காது, ஊர் எண்ணுவதைத்தான் கேட்கும். வெளியூர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மூன்று எண்ண எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது என்று யாரும் அதை மாற்றவில்லை.

யுவராணி குந்தினாள், பிடித்தாள், மார்புக்கு ஏற்றினாள், எழுந்து நின்று ஒரு மூச்சு வாங்கி, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து இரும்பைத் தலைக்கு மேல் அனுப்பினாள். கால்கள் ஒன்றுசேர்ந்தன. முழங்கைகள் பூட்டிக்கொண்டன. மண்டபம் எழுந்து நின்று "ஒண்ணு!" என்றது. "ரெண்டு!" என்றது. அப்போது அவள் இடுப்பின் இடப்பக்கத்தில், ஈரக் கயிற்றில் ஓர் இழை அறுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவளுக்கு மட்டும் கேட்கிற அளவு. கூடவே பிட்டத்திலிருந்து கால் பெருவிரல் வரை நெருப்பு ஒரு கோடு கிழித்தது. அவள் கத்திய கத்தலில் ஊர் வாயை மூடிக்கொண்டது. மூன்று வரவில்லை. ஞானசிகாமணியின் கை பாதியில் நின்றது. யுவராணி இரும்பை விட்டுவிட்டு, கொடியிலிருந்து சேலை நழுவுகிற மாதிரி பலகையில் சரிந்தாள். முந்நூறு பேரும் கண்ணை இறுக்கிக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். பரந்தாமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது தொண்ணூற்றிரண்டு கிலோவும் அவள் விட்ட இடத்திலேயே, மணமேடைக்கு மேல் ஆறேகால் அடி உயரத்தில், ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"மொதல்ல பொண்ணத் தூக்குங்கடா. இரும்பு எங்கியும் போவாது," என்றாள் மல்லிகா.

அவள் சொன்னபடிதான் ஆயிற்று. பெண்ணைத் தூக்கினார்கள். இரும்பு எங்கும் போகவில்லை.

ஊர் செய்ய வேண்டியதை ஊர் செய்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிற பன்னிரண்டு பேர் வந்து ஒரே நேரத்தில் தொங்கினார்கள், தொங்கினதுதான் தொங்கினோம் என்று நாலு தடவை மேலே எழும்பித் தங்கள் புஜத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இரும்பு ஒரு நூல் இறங்கவில்லை. தட்டுகளைக் கழற்றப் பார்த்தார்கள், பூட்டு திறக்கவில்லை. போட்டிக்குக் கொடுத்த உபகரணங்களில் ஒரு ராடும் எட்டுத் தட்டும் இன்னும் திரும்பி வரவில்லை என்று பளுதூக்கும் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தற்சமயம் உபயோகத்தில் உள்ளது என்று ஞானசிகாமணி பதில் எழுதினார். வேறு என்ன எழுதுவார்? முடிவு எழுதுகிற தாளில் யுவராணி பெயருக்கு நேரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. சரி என்று போட முடியாது, கை இறங்கவில்லை. தப்பு என்றும் போட முடியாது, எடை விழவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருடைய வலக்கை தோளுக்கு மேலே போகவும் மறுத்தது, இடுப்புக்குக் கீழே வரவும் மறுத்தது. சுகர் இருந்தால் தோள் இப்படி இறுகும் என்றார் டாக்டர். ஊர் வேறு காரணம் வைத்திருந்தது.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கு ஆம்பூரிலிருந்து வந்த பெண் வீட்டார் மேடையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இன்னாய்யா இது? பொண்ணு தலைக்கு மேல எமன் கணக்கா நிக்கிது? வேற மண்டபம் பாருங்க."

"ஆவணி முகூர்த்தத்துல எந்த மண்டபம்யா காலியா கீது? இருந்தா சொல்லு, நானே வண்டி வச்சி அனுப்பறேன்," என்றார் பரந்தாமன்.

ஹோமத்துக்குச் சுள்ளி அடுக்கிக்கொண்டிருந்த ஐயர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "விழற வஸ்து விழாம நிக்கறது. கல்யாணத்துக்கு இதைவிட என்ன சகுனம் வேணும்? உக்காருங்கோ, நாழியாறது."

உட்கார்ந்தார்கள். பூ அலங்காரம் செய்கிற கன்னியப்பன், இருக்கிறதை மறைக்க முடியாது என்றால் அழகு பண்ண வேண்டும் என்று ராடு நெடுக சாமந்தியைச் சுற்றித் தட்டுகளில் சீரியல் விளக்குப் போட்டான். போட்டோகிராபர், தாலி கட்டி முடித்த மாப்பிள்ளையை எழுப்பி, இரண்டு கையையும் ராடில் வைக்கச் சொல்லி, தூக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார். "இதுக்கே பல்லக் கடிக்கறியே மாப்ள, நாளையிலேர்ந்து இன்னா பண்ணப்போற?" என்று சிநேகிதர்கள் கத்தினார்கள். அந்தப் படம் நன்றாக வந்தது. அடுத்த கல்யாணத்தில் அதே மாதிரிப் படம் வேண்டும் என்று கேட்டார்கள். ஐப்பசிக்குள், ராடுக்குக் கீழே கட்டிய தாலி நிலைக்கும் என்று குடியாத்தம் வரை பேச்சுப் போய், வாணியம்பாடியிலிருந்தெல்லாம் வண்டி வந்தது. விவாகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஜோடி வழியில் இறங்கி, அரை மணி நேரம் இரும்புக்குக் கீழே பேசாமல் நின்றுவிட்டு, மறுபடி ஏறிப்போய் விவாகரத்தே செய்துகொண்டது. ஆனால் கோர்ட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு குறையும் சொல்லவில்லை என்றார்கள்.

யுவராணி அதையெல்லாம் படுத்துக்கொண்டு கேட்டாள். பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. தும்மினால் வீடு இருட்டியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுத்தால் ஒரு மணி நேரம், இடப்பக்கம் சுருண்டால் அரை மணி நேரம், பிறகு சுவரைப் பிடித்து நின்றபடி சோறு. தொண்ணூறு கிலோ தூக்கியவளுக்குத் தட்டு கனத்தது. கண் அயர்ந்தால் போதும், அவள் கைகள் தாமாக எழுந்து தலைக்கு மேலே போய், எதையோ தாங்குகிற மாதிரி விரல் மடக்கி நின்றன. மல்லிகா பீடித் தட்டை நகர்த்திவிட்டு வந்து அந்தக் கைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பாள், வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவை மறுபடியும் ஏறிவிடும்.

ஊர் வைத்தியம் கொண்டுவந்தது. ஒருத்தர் நொச்சி வேகவைத்தார், ஒருத்தர் உளுந்து மாவும் முட்டையும் அடித்துப் பற்றுப் போட்டார், தலைப்பிள்ளையாகக் கால் வழியே பிறந்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்து முதுகில் ஏறி மிதிக்கச் சொன்னார்கள். மல்லிகா துடைப்பத்தோடு வாசலில் நின்று அந்த ஒன்றை மட்டும் தடுத்தாள்.

வந்தவர்களில் கன்னியப்பன் வைத்தியம் எதுவும் கொண்டுவரவில்லை. வாசற்படியிலேயே குந்திக்கொண்டு, "ஏம்மா, வெள்ளிக்கெழம ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டான்.

"உயிரே போச்சுண்ணே. காலைல ஆறு மணிலேர்ந்து."

"ஆறு மணிக்குத்தான் கட்னேன். சாமந்தி, பதினாலு கிலோ." கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அதுக்கு முந்தின புதன்?"

"அன்னிக்கி அவ்வளோ இல்ல."

"அன்னிக்கி மல்லி."

மறுநாள் மண்டபத்துச் சுவரில், காலணிகளை வெளியே விடவும் என்ற பலகைக்குப் பக்கத்தில் பரந்தாமன் இன்னொரு பலகை மாட்டினார்: ராடின் மேல் கனமான மாலை கட்டக் கூடாது. யுவராணிக்கு வலிக்கும். வெளியூரிலிருந்து வந்த சம்பந்திகள் அதைப் படித்துவிட்டு, யார் என்ன என்று கேட்காமல், மல்லியும் காகிதப் பூவும் போதும் என்று சொல்லிவிடுவார்கள். முன்பின் தெரியாத பெண்கள் தலைக்கு மேலே அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டு கழுத்தை நீட்டினார்கள்.

கார்த்திகையில்தான் வேலூருக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். "எனக்குந்தான் முப்பது வருஷமா முதுகு வலிக்கிது, மொறத்த மடில வச்சிக்கினு குந்திக்கினு. எனக்கு யாரு படம் புடிச்சாங்க?" என்றாள் மல்லிகா, பஸ்ஸில்.

"நீயும் படுத்துக்கோம்மா. ரெண்டு பேருக்கும் எடுக்கச் சொல்றேன்."

"ஆமா. அத்தப் பாத்துட்டா அப்பறம் குந்த முடியுமா?"

பெண் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு கறுத்த வட்டத்தைக் காட்டினார். "சோமாசி சுடறப்போ ஓரம் ஒட்டலைன்னா பூரணம் வெளிய பிதுங்கும் இல்லம்மா? அந்த மாதிரி, நடுவுல இருக்கற வட்டு பிதுங்கி நரம்பு மேல உக்காந்திருக்கு. நிறைய பேருக்குத் தானா உள்ள வாங்கிடும். ஆறு வாரம் பாப்போம். காலு மரத்தாலோ, சிறுநீர் போறது தெரியலைன்னாலோ ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாது."

ஐந்தாவது வாரம், தை மாதத்து ஒரு காலை, யுவராணியின் இடது பெருவிரல் எழும்பவில்லை. செருப்பு தரையோடு இழுபட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே பாவாடை நனைந்திருந்தது, நனைந்தது அவளுக்குத் தெரியவில்லை. "அம்மா," என்று மட்டும் சொன்னாள், அப்படி அவள் ஐந்து வயதுக்குப் பிறகு கூப்பிட்டதில்லை.

அன்றைக்கு முகூர்த்தம். செய்தி மண்டபத்துக்கு வந்தபோது ஊஞ்சல் பாட்டு நடந்துகொண்டிருந்தது. கன்னியப்பன் மேடை ஏறி, யாரையும் கேட்காமல், ராடிலிருந்த பூவை எல்லாம் அவிழ்த்தான். விளக்குச் சரத்தையும் கழற்றினான். ஒட்டியிருந்த ஒரு நூலைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்தான். வேலூரில் அவளுடைய இடுப்பை ஒரு கட்டைவிரல் நீளத்துக்குத் திறந்திருந்த அந்த ஒன்றேகால் மணி நேரம், செம்பேட்டில் இரும்பு வெறுமனே நின்றது, அதன் கீழே ஒரு கல்யாணம் மெதுவான குரலில் நடந்தது.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தூக்கலாமா?"

"ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்," என்றார் டாக்டர். "அதுலயும் பாதி குடிச்சிட்டு."

பிறகு ஆறு மாதம் அவள் புதிதாகப் பிறந்த உடம்புக்குப் பழக்கம் சொல்லிக்கொடுத்தாள். எழுந்திருக்க வேண்டுமென்றால் மரக்கட்டை உருளுவதுபோல முழுசாக உருண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். பிசியோதெரபி பார்த்த மெர்சி அவளைவிட இரண்டு வயது இளையவள், வாய் மட்டும் பத்து வயது மூத்தது. "குனியாதக்கா, மடங்கு. கதவு கீல்ல மடங்கற மாதிரி. தொண்ணூறு கிலோ தூக்கினேன்னு சொல்ற, ஒரு சோப்பு எடுக்கத் தெரியல உனக்கு." சிறுநீர் திரும்பி வந்தது. பெருவிரல் பாதி திரும்பி வந்தது. வலி போயே போய்விட்டது. ஒரு நாள் மெர்சி அவளைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தாள். நூற்றைம்பத்தேழு இருந்தவள் நூற்றைம்பத்தாறு இருந்தாள்.

"அளவு தப்பா இருக்கும்," என்றாள் யுவராணி.

"அளவு சரியாத்தான் இருக்கு. உள்ள இருந்ததக் கொஞ்சம் எடுத்தாச்சு இல்ல? செங்கல் ஒரு வரி கொறைஞ்சா கூரை எறங்காதா?"

பங்குனியில், பலகையைப் படிக்காத ஒரு வெளியூர் அலங்காரக்காரன் ராடு முழுக்கச் சாமந்தியும் ரோஜாவுமாக இருபது கிலோ கட்டினான். கன்னியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்து, "வலிக்குதாம்மா?" என்றான். அவள் வாசலில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்றாள். அவன் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போனான். நல்ல செய்திதான், யாரைக் கேட்டாலும் நல்ல செய்தி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவள் ஈரத் துணியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். அந்த இரும்புக்கும் அவளுக்கும் நடுவே இருந்தது அந்த வலி ஒன்றுதான், அதையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது அது அங்கே யாருக்காக நிற்கிறது?

ஆனி கடைசியில் ஞானசிகாமணி வந்தார். உட்காரச் சொன்னதற்கு, அவள் நிற்கும்போது தான் உட்காருவதா என்று அவரும் நின்றார். சட்டைப்பையிலிருந்து, மடிப்பில் நைந்துபோன தாளை எடுத்தார்.

"ஆடில மறுபடியும் போட்டி. அதே மண்டபம். தொங்கற எடைக்குக் கீழ யாரையும் ஏத்தக் கூடாதுன்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னால உன்னோடது முடியணும் யுவராணி. ரயில்வேக்கும் ஆடி கடைசிதான் தேதி. நீ பிடிச்சி, நான் கைய எறக்கி, தோளத் தாண்டற வரைக்கும் நீ அத எறக்கினா சரி. நீ பிடிக்காம விழுந்தா தப்பு. எனக்கு வேற எதுவும் எழுதத் தெரியாதும்மா."

"வாத்யாரே, அது எங்க எறங்கும் தெரியுமா?" என்று கேட்டாள் மல்லிகா. "அவ தோள்ல எறங்காது. அவ தையல்ல எறங்கும்."

டாக்டரிடம் போனில் கேட்டபோது, "ஒரு நொடிதான்னாலும், அந்த எடை…" என்று தொடங்கிய வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. போன வருஷம் இரும்பை எடுத்துவிடச் சொல்லி நாலு தடவை வந்து கெஞ்சின பரந்தாமன் இப்போது ஐந்தாவது தடவை வந்து, எடுக்காதே என்று கெஞ்சினார். "ஆவணிக்கு ஒம்பது கல்யாணம்மா. எல்லாம் அதுக்கோசரந்தான் வராங்க. நான் அவங்களுக்கு இன்னா பதில் சொல்லுவேன்?"

யுவராணி மெர்சி கொடுத்த குச்சியை இரண்டு கையிலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள், தோள் வரை இறக்கினாள். குச்சி கால் கிலோ. நூறு தடவை செய்தாள்.

ஆடி மூன்றாம் ஞாயிறு மண்டபம் கொள்ளவில்லை. அந்த ஒரு வருஷத்தில் இரும்புக்குக் கீழே தாலி கட்டிக்கொண்டவர்களில் இருபத்திரண்டு ஜோடி வந்திருந்தது. ஆடி மாதம் என்பதால் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த பெண்கள் அங்கிருந்து வந்திருந்தார்கள், மாப்பிள்ளைகள் தனியாக வந்து தூணோரமாக நின்று எட்டிப் பார்த்தார்கள். ஞானசிகாமணி அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஓராண்டாகப் பாதியில் நிற்கிற கையை அப்படியே வைத்துக்கொண்டார். யுவராணி உள்ளங்கையில் வெள்ளை மாவைத் தேய்த்துக்கொண்டு ஏறினாள். இரும்புக்குக் கீழே போய் நின்றாள். கைகளை உயர்த்தினாள்.

எட்டவில்லை.

விரல்கள் இரும்பை உரசின, உள்ளங்கை பொருந்தவில்லை. நடுவே ஒரு விரல்கடை காற்று. குதிகாலைத் தூக்கப் பார்த்தாள். வலக்கால் எழுந்தது, இடக்கால் பாதியில் மறந்துவிட்டது. முந்நூறு பேரும் அந்த ஒரு விரல்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கன்னியப்பன் பக்கத்து அறைக்குள் போய், ஆவணிக்காக மஞ்சள் தடவி எடுத்து வைத்திருந்த மணைப்பலகை ஒன்றைக் கொண்டுவந்து, அவள் காலருகில் வைத்துவிட்டு, வந்த மாதிரியே போய்விட்டான்.

அவள் அதன் மேல் ஏறினாள். உள்ளங்கை இரும்பில் பொருந்தியது. இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கையை எடுத்தது மாதிரி. விரல்களை மடக்கியதும், தீயணைப்புக் கயிற்றுக்கும் பன்னிரண்டு மூட்டைக்காரர்களுக்கும் அசையாதது, ஒரு நூல் அளவு அசைந்தது. தட்டுகள் ஒன்றோடொன்று உரசி மெல்லச் சிணுங்கின. அவள் இடுப்பில் தையல் இருந்த இடம் ஐஸ் வைத்ததுபோலக் குளிர்ந்தது. இனி ஒரு சொல்தான். ஊர் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் கை இறங்கும்.

யாரும் சொல்லவில்லை. சொன்னால் அது அவள் மேல் இறங்கும் என்று தெரிந்த முந்நூறு வாய் மூடிக் கிடந்தது. அந்த அமைதியில் அவள் கீழே பார்த்தாள்.

"சார்," என்றாள். "பலகை இருக்கு சார்."

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "எந்தப் பலகை?"

"என் கால் கீழ. மேடை மேலதான் கால் இருக்கணும்னு விதி."

"எனக்கு எதுவும் தெரியலியே."

அவள் பரந்தாமனைப் பார்த்தாள். ஒன்பது கல்யாணத்தையும் நினைத்துக்கொண்டு நின்றவர், "எந்தப் பலகைம்மா?" என்றார். கொண்டுவந்து வைத்த கன்னியப்பன், "பலகையா? நான் பாக்கலியே," என்றான். தூணோரத்து மாப்பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். ஒரு வருஷமாக அந்தரத்தில் நிற்கிற இரும்பை ஓர் ஆச்சரியமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த ஊர், அவள் காலுக்குக் கீழே கிடந்த ஒன்றரை அடி மரத்தைப் பார்க்க மாட்டேன் என்றது. இவ்வளவு பேருடைய அன்பு தன் மேல் இப்படி ஒரேயடியாக வந்து இறங்கும் என்று அவள் நினைத்ததில்லை. அது தொண்ணூற்றிரண்டு கிலோவைவிடக் கனமாக இருந்தது.

முன்வரிசையில் மல்லிகா நின்றிருந்தாள். விரல் நுனியெல்லாம் புகையிலைத் தூள்.

"அம்மா?"

மல்லிகா மகளின் முகத்தைப் பார்த்தாள், மேலே இரும்பைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள்.

"கீதுடி," என்றாள். "மஞ்சத் தடவின பலகை."

யுவராணி விரல்களைப் பிரித்தாள். வலக்காலை முதலில், இடக்காலைப் பிறகு, மெர்சி சொல்லிக்கொடுத்த மாதிரி கீழே வைத்தாள். பலகையைக் காலால் ஓரம் தள்ளினாள். நடந்து வந்து ஞானசிகாமணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, திரும்பி, ஒரு பார்வையாளரைப் போல நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு உயரம்! அங்கே நின்றவள் எவ்வளவு உயரமாக நின்றிருக்கிறாள், எவ்வளவு நேராக. அவளை அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் திரும்பி வரமாட்டாள் என்பதும் தெரிந்தது.

"மூணு," என்றாள் யுவராணி. உரக்கக்கூடச் சொல்லவில்லை.

ஞானசிகாமணியின் கை முழுசாக இறங்கியது. இரும்பு விழுந்தது.

ஒரு வருஷம் காத்திருந்த சத்தம் அது. மேடைப் பலகை கீறல் விட்டது, சமையல்கட்டில் அடுக்கியிருந்த அண்டாக்கள் நெடுநேரம் ரீங்கரித்தன, ஆபீஸ் அறையில் காலண்டர் ஆணியோடு கழன்று விழுந்தது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் தலை தூக்கிப் பார்த்தன என்று பிற்பாடு சொன்னார்கள். பரந்தாமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தூசி அடங்கியதும் இருபத்திரண்டு ஜோடியும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். வேறு எதுவும் விழவில்லை.

ஞானசிகாமணி தாளைத் தொடைமேல் விரித்து, அந்தக் கட்டத்தில் மெதுவாக, இரண்டு கோடாக, பெருக்கல் குறி போட்டார்.

"தப்பு," என்றார், அவளைப் பார்க்காமல்.

"தப்புதான் சார்," என்றாள் யுவராணி. குனிந்து பார்க்கவில்லை, மடங்கிப் பார்த்தாள். சின்னக் குறிதான். ஆனால் கட்டம் காலியாக இல்லை. ரயில்வே அவள் இல்லாமலும் ஓடும்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து கிலோப் பிரிவு, பேர்ணாம்பட்டுப் பெண் ஒருத்தி. மேடை நடுவில் இரும்பு கிடந்தது. இரண்டு பேர் எடுக்க வந்தார்கள். யுவராணி கையால் அவர்களை நிறுத்திவிட்டு, கதவு கீலில் மடங்குவதுபோல மடங்கி, தட்டின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். தூக்கத்தான் கூடாது, உருட்டலாம். தொண்ணூற்றிரண்டு கிலோ, வீடு திரும்புகிற மாடு மாதிரி, சொன்ன பேச்சுக் கேட்டு மேடையின் ஓரத்துக்குப் போய் நின்றது.

பேர்ணாம்பட்டுப் பெண் தூக்கினாள். முழங்கை பூட்டியது. மண்டபம் எழுந்து "ஒண்ணு!" என்றது. அவ்வளவுதான், ஞானசிகாமணியின் கை இறங்கிவிட்டது. பெண் எடையை இறக்கி வைத்துவிட்டாள். ரெண்டும் மூணும் வாயிலேயே இருக்க, ஊர் திகைத்துப்போய் நின்றது.

"இன்னாய்யா இந்த ஆளு, எண்ண உட மாட்டறான்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். அதற்குப் பிறகு செம்பேட்டில் யாரும் இரண்டு வரை போனதில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து யுவராணி வெறும் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தாள். உடனே தூங்கிப்போனாள். மல்லிகா பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே, கண்ணை அவள் கைகள் மேல் வைத்திருந்தாள். முதல் கட்டு முடிந்தது. இரண்டாவது கட்டு முடிந்தது. கைகள் உடம்புக்கு இரண்டு பக்கமும், உள்ளங்கை மேலே பார்க்க, வெள்ளை மாவோடு அப்படியே கிடந்தன. எழவில்லை. மல்லிகா தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, முப்பது வருஷத்து முதுகை ஒருமுறை, போகிற மட்டும், நிமிர்த்திப் பார்த்தாள்.